இந்தியாவில் வசிக்கும் அலுவலர்

நான் குறைதீர்க்கும் அலுவலராக நியமிக்கப்பட்டபோது அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். நியமித்தவர் என் கொழுந்தனார்.

ஆரணியில் எங்கள் வீட்டில் கீழே இரண்டு விசைத்தறிகள் ஓடும். மேலே நாங்கள் இருக்கிறோம். அதற்கும் மேலே மொட்டைமாடியில் நூல் மூட்டைகள் கிடந்த அறையை ஒழித்து, சுவரில் நீலத்துணி கட்டி, கொழுந்தனார் அங்கிருந்து ஒரு யூடியூப் சேனல் நடத்திவந்தார். எந்தத் தெருவில் நாளைக்கு மின்தடை, யார் வீட்டில் சாவு, எந்தக் கோயிலில் தீமிதி, பட்டு நூல் என்ன விலை, இவைதான் செய்திகள். சாயங்காலம் அவர் வாசிக்க உட்கார்ந்தால் கீழே தறிகளை நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை மறந்துபோய், துக்கச் செய்தி முழுக்கப் பின்னால் தடக் தடக் என்று கேட்டது. 'இப்பவே மேளம் வந்துடுச்சா' என்று ஒருவர் வீடியோவுக்கு அடியில் எழுதியிருந்தார்.

இவரைப்போலச் சேனல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் ஒரு நாள் ஒரு செய்தி வந்தது. டிவி, பத்திரிகை, ரேடியோ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற தில்லி அமைச்சகம் இனிமேல் செல்போனில் செய்தி சொல்கிறவர்களுக்கும் விதி போடப்போகிறதாம். செய்தியில் தப்பு என்று யாராவது சொன்னால் அதை விசாரிக்க ஒவ்வொரு சேனலுக்கும் ஓர் அலுவலர் வேண்டும். புகார் வந்தால் மறுநாளைக்குள் 'வந்தது' என்று சொல்ல வேண்டும், பதினைந்து நாளைக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கொழுந்தனார் அந்த விதிகளை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"அண்ணி, நீங்க இந்தியாலதானே இருக்கீங்க?"

கஞ்சி கையில் கொட்டப் பார்த்தது. "பின்ன எங்க இருக்கேன்?"

"இல்ல, தகுதின்னு ஒண்ணு போட்டுகிறாங்க. இந்தியால வசிக்கிறவரா இருக்கணுமாம்."

"வேற?"

தாளைத் திருப்பிப் பார்த்தார். "வேற ஒண்ணும் காணோம்."

பி.காம். முடித்த நாளிலிருந்து நான் பார்த்த எந்த வேலை விளம்பரத்துக்கும் என் தகுதி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில்லை. சரி என்றேன். பட்டுக்கடையில் கணக்கெழுதும் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைக் கேட்டுவிட்டு, "லீவு உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

அலுவலரின் பெயர் பொதுமக்கள் பார்வையில் இருக்க வேண்டும் என்று விதி. பார்வையில் என்றால் செல்போனில் என்று அர்த்தம். கொழுந்தனார் அதை வீட்டு வாசலில் என்று புரிந்துகொண்டு ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கக் கொடுத்தார். கடைக்காரர், வெறும் எழுத்தாக இருந்தால் வெறிச்சென்று இருக்கும் என்று ஓரத்தில் மூவர்ணப் பட்டை ஓட்டி, என் பெயருக்கு மேலே பெரிய எழுத்தில் 'மத்திய அரசு விதிகளின்படி' என்று போட்டுவிட்டார். சிங்கமும் போட்டுத் தருவதாகச் சொன்னாராம். கொழுந்தனார்தான் அது வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். அதைப் பெரிய தியாகம் போலச் சொன்னார்.

எங்கள் ஜனங்கள் ஒரு போர்டில் முதல் இரண்டு சொற்களுக்கு மேல் படிப்பதில்லை. போர்டு மாட்டிய மறுநாள் காலையில், சந்தவாசல் தாண்டி ஒரு சிற்றூரிலிருந்து மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை விற்க வந்த பெரியவர் ஒருவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து கைகட்டி நின்றார். தங்கள் தெருவில் விளக்கே எரிவதில்லை, பாம்பு நடமாடுகிறது என்றார்.

"ஐயா, இது அந்த ஆபீஸ் இல்லீங்க. எங்க நியூஸ்ல தப்பு இருந்தாதான் நான் விசாரிக்க முடியும்."

"லைட்டு எரியலையே, அது தப்பு இல்லியா?"

"தப்புதான். ஆனா நாங்க எரியுதுன்னு சொல்லலையே."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதையோ மனத்துக்குள் கூட்டிக் கழிப்பது முகத்தில் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் நிஜமாகவே ஒரு புகார் வந்தது. பக்கத்துத் தெரு முனையில் ஒரு சிறு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர், வேலை முடிந்துவிட்டது என்று கொழுந்தனாருக்கு ஒரு போட்டோ அனுப்ப, இவரும் 'பாலப்பணி நிறைவு, பொதுமக்கள் மகிழ்ச்சி' என்று வாசித்துவிட்டார். போட்டோவில் இருந்தது வேறு ஏதோ ஊர்ப் பாலம். இங்கே பள்ளம் அப்படியே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மகிழ்ச்சியடைந்ததாகச் சொல்லப்பட்ட பொதுமக்களில் நாலு பேர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முதல் புகார். 'தங்கள் புகார் வந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்க்கப் போனேன். பள்ளத்தின் ஓரத்தில் நின்று போட்டோ எடுத்தேன். அங்கே பீடி குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி எழுந்து வந்தார்.

"யாரும்மா நீங்க?"

"குறைதீர்க்கும் அலுவலர்."

"எந்த ஆபீஸு?"

சேனல் பெயரைச் சொல்லியிருக்கலாம். எனக்கு என்னவோ அந்தத் தாளில் இருந்ததுதான் வாயில் வந்தது. "தில்லி அமைச்சகம் போட்ட விதிப்படி வந்திருக்கேன்."

அவர் பீடியைக் காலில் போட்டு மிதித்துவிட்டு யாருக்கோ போன் செய்தார். "டெல்லிலேர்ந்து வந்துகிறாங்க அண்ணா. பொம்பளை. போட்டோ எடுத்துகினு நிக்கிறாங்க. ஜல்தி வாங்க" என்று அவர் சொல்வது எனக்கு நன்றாகவே கேட்டது. திருத்திச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் சிமென்ட் கலவை இயந்திரம் வந்துவிட்டது. மறுநாள் பள்ளத்தின் மேல் பலகைக்கல் உட்கார்ந்துவிட்டது.

தீர்ப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். வாசித்த அன்றைக்குச் செய்தி பொய். இன்றைக்கு மெய். விதித்தாளில் இதற்கு வழி எதுவும் இல்லை. ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'செய்தி சரியானதே. பாலம்தான் தாமதமாக வந்துள்ளது' என்று எழுதினேன். புகார் கொடுத்தவர்கள் அதைப் படித்துத் திருப்தியோடு தலையாட்டினார்கள்.

ஊரில் இது எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. சந்தவாசல் பெரியவர் திரும்ப வந்தார். இந்தமுறை கைகட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தம்பியைக் கூப்பிடும்மா. எங்க தெருவுல லைட்டு எரியுதுன்னு ஒரு நியூஸ் போடச் சொல்லு."

மாடியிலிருந்து இறங்கிவந்த கொழுந்தனார் திகைத்தார். "எரியலைன்னுதானே ஐயா சொன்னீங்க?"

"எரியல. நீ எரியுதுன்னு போடு. பொய்யி போட்டுட்டான்னு நான் கம்ப்ளெய்ன்ட்டு குடுக்கிறேன். இந்தம்மா விசாரிக்க எங்க ஊருக்கு வரட்டும்."

அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. கொழுந்தனார் மெதுவாக, "விரைவில் எரியும்னு போடட்டுங்களா?" என்றார்.

"விரைவில்னு போட்டா நான் எப்படிப்பா கம்ப்ளெய்ன்ட்டு குடுக்கிறது? அது பொய்யின்னே சொல்ல முடியாதே!"

பொய்ச் செய்தி வராமல் பார்க்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் பொய்யே வராவிட்டால் உனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு வந்தவர்களில் என்னால் மறக்க முடியாதவர் எங்கள் தெருக்கோடியில் இட்லிக்கடை வைத்திருந்த அம்மா. மகளைச் செய்யாறில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகனுக்கு அங்கே தொழிற்பேட்டையில் வேலை. மகள் கோபித்துக்கொண்டு வந்து மாதக்கணக்கில் அம்மா வீட்டிலேயே இருந்தாள். 'மருமகன் வந்து பெண்டாட்டியைக் கூட்டிப்போனார்' என்று ஒரு செய்தி போட முடியுமா என்று கேட்டார். நான் கண்டிப்பாக முடியாது என்றேன். கொழுந்தனாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் அன்றைக்கு ஊரில் சாவு இல்லை, மின்தடை இல்லை, நூல் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. செய்தி பற்றாமல் கடைசியில் பெயர் போடாமல் அதை வாசித்துவிட்டார். 'செய்யாறில் பணிபுரியும் மருமகன் ஒருவர் ஊடல் தீர்ந்து மனைவியை அழைத்துச்செல்ல ஆரணி வந்தது உறவினர்களை நெகிழவைத்தது.'

மறுநாள் மத்தியானமே ஒரு ஆள் கம்பெனிச் சட்டையோடு வந்து நின்றார். "என்னைப் பத்தி பொய் நியூஸ் போட்டுகிறீங்க." அவர் இட்லிக்கடை அம்மாவின் மருமகன் இல்லை. அவருடைய மாமனார் வீடு பெரியகடைவீதிப் பக்கம். அவருக்குப் புகார் வந்தது என்று எழுதிக்கொடுத்து அனுப்புவதற்குள் இன்னொருவர் வந்தார். அவரும் செய்யாறு. அவரும் மருமகன். அவருடைய சண்டை வேறு.

"உங்க பேரு எங்கேயும் சொல்லலையேங்க" என்றேன்.

"பேரு இன்னாத்துக்கும்மா? கம்பெனி பஸ்ஸுல அத்தினி பேரும் என்னையே பார்த்து சிரிக்கிறான். ஒரே பேஜாரா பூட்ச்சு."

செய்யாறில் இத்தனை ஆரணி மருமகன்கள் கோபத்தோடு இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

இட்லிக்கடை அம்மாவின் மருமகன் கடைசியாகத்தான் வந்தார். ஒல்லியாக இருந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவர் செய்தியைப் பார்க்கவே இல்லையாம். பஸ்ஸில் கேலி செய்தார்களாம். புகார் என்றால் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டுமே என்று நான் அவர் மனைவியை ஆள்விட்டுக் கூப்பிட்டேன். அவள் வந்து கூடத்தின் அந்தப் பக்கச் சுவரோரம் நின்றுகொண்டாள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"நைட்டு ஷிப்ட்டு முட்ச்சிட்டு வந்து தூங்கக்கூடாதா?"

"தூங்கு! நான் இன்னா வேணாம்னேன்? மிக்ஸி போடாத, டிவி போடாத, பாத்திரம் தேய்க்காதன்னா நான் அந்த ஊட்ல இன்னாதான் செய்யறது?"

"சத்தம் வந்தா முழிச்சிக்கிறேன்!"

"நீ முழிச்சிகினு இருந்து நான் பார்த்ததே இல்ல!"

தெருவில் ஆட்கள் கூட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கீழே ஓடிப்போய்த் தறிகளை நிறுத்தச் சொன்னேன். திரும்பி மேலே வந்தபோது கூடத்தில் திடீரென்று ஒரே அமைதி. சத்தம் நின்றதும் அவர்களுக்கும் கத்த முடியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இளைச்சிட்டே" என்றார். அவள், "நீ மட்டும் இன்னா" என்றாள். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. அடுப்படிக்குப் போய் இல்லாத வேலையைச் செய்தேன். நான் எட்டிப் பார்த்தபோது அவர் பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக்கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலப் பஸ்ஸிலேயே இருவரும் புறப்பட்டார்கள். அந்தம்மா ஒரு தூக்கு நிறைய மாவு கொடுத்தனுப்பினார்.

தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே புகார்தாரர் பெண்டாட்டியோடு போய்விட்டதால் செய்தி உண்மையாகிவிட்டது. ஆனால் மற்ற இருவரும் விடவில்லை. மறுப்புப் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். கொழுந்தனார் தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, நீலத்துணிக்கு முன் உட்கார்ந்து, மிகுந்த மரியாதையோடு வாசித்தார். 'செய்யாறு மருமகன்களில் ஒருவர் மட்டுமே மனைவியை அழைத்துச்சென்றார். மற்ற இருவர் அழைத்துச்செல்லவில்லை என்பதைத் தெளிவுபடுத்துகிறோம்.' அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. அவர்களில் ஒருவர் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு பைக்கில் வேலைக்குப் போவதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

சில மாதம் கழித்து வாட்ஸப் குழுவில் இன்னொரு செய்தி வந்தது. அந்த விதி வெறும் வரைவாம். அமைச்சகம் அதை இப்போதைக்கு எடுத்துவைத்துவிட்டதாம். சின்னச் சேனல்களுக்கு அலுவலரே வேண்டியதில்லையாம். கொழுந்தனார் கொஞ்சம் வருத்தத்தோடுதான் வந்து சொன்னார்.

"அப்ப நான் ராஜினாமா எழுதித் தரணுமா தம்பி?"

அவர் பழைய தாளை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். "சேர்றதுக்குத்தான் அண்ணி போட்டுகிறாங்க. போறதுக்கு ஒண்ணும் போடல."

அன்றைக்கே ஏணி போட்டு போர்டைக் கழற்றிவிட்டார். அவர் கழற்றிக்கொண்டிருக்கும்போதே தேசூர் பக்கத்திலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள் அவரைத் தாண்டி உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வேலையே இப்போது இல்லை, தில்லியில் எடுத்துவிட்டார்கள் என்று அவர்களிடம் பொறுமையாகச் சொன்னேன். மூத்தவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இதுக்கு மேல எங்கம்மா போறது?"

"மனு குடுக்கிற நாள்ல கலெக்டராபீஸ் போங்க."

"அங்கெல்லாம் போய்ட்டுத்தாம்மா இங்க வந்தோம்."

வெளியே வெயில் சுளீரென்று இருந்தது. பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தவர்களை வாசலோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ரெண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "சரி, சொல்லுங்க" என்றேன்.