அரைக் கிளாஸ் தண்ணீர்

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட நான் மத்தியானம் சாப்பிடும் கடையில் பதினொரு மேசைக்கும் பரிமாறுபவர் ஒருவர்தான். மெலிந்தவர், ஐம்பது வயதிருக்கும். தட்டை வைத்த பின்னும் போகாமல் ஒரு கணம் மேசையைப் பார்த்து நிற்பார். மறதிக்காரர் என்று நினைத்திருந்தேன்.

அன்று சோறு வந்ததும் இறால்களை எண்ணினேன்.

"தம்பி, ஆறுதான் கிடக்கு. நேற்று ஏழு."

"நேற்றைய இறால் சின்னன், ஐயா."

அந்த எரிச்சலோடு சட்டைப்பையிலிருந்து சீனி வருத்தக் குளிசையை எடுத்தேன். மத்தியானம் சாப்பிட முதல் ஒன்று போட வேண்டும். மறதியில் இரண்டு போட்டு, போன மாதம் பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தவன் நான். குளிசை வாயருகே போகையில், மூன்று மேசைக்கு அப்பாலிருந்து அவர் கத்தினார்.

"ஐயா, வேண்டாம்! போட்டிட்டீங்கள்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் காணேல்லை. கிளாஸைப் பாருங்கோ, அரைவாசிதான் கிடக்கு. குளிசைக்கு இல்லாமல் சாப்பாட்டுக்கு முதல் நீங்கள் தண்ணியைத் தொடுறேல்லையே."

குளிசை அட்டையை எடுத்து எண்ணினேன். காலையில் எட்டு இருந்தன. கையில் இருந்ததையும் சேர்த்து ஏழுதான்.

"இறாலை எண்ணுற ஆள் குளிசையை எண்ண மாட்டீங்களோ?" என்று சிரித்தபடி அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கையிலிருந்த குளிசையைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

அன்று கடையில் பத்தொன்பது கிளாஸ்கள் இருந்தன. எண்ணிவிட்டுத்தான் எழுந்தேன். எதில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது.