எங்கள் கோலுக்குப் பின்னால் நின்ற வரதராஜன் சார்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வரதராஜன் சார் என்று காட்டியது. ஆறு நாட்களாக அவரோடு எனக்குப் பேச்சில்லை. வீம்புக்கு இரண்டு தடவை அடிக்கவிட்டு மூன்றாவது தடவைதான் எடுத்தேன். பேசியவர் அவருடைய மகள் வைதேகி.

"சேவியர் சார், அப்பா நேத்து சாயங்காலம் ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார். நாலு மணிக்கு நெஞ்சை என்னமோ பண்றதுன்னு படுத்துண்டார். அஞ்சு மணிக்குக் காபி எடுத்துண்டு போனேன், எழுந்திருக்கலை. டாக்டர் வந்து பார்த்துட்டு எல்லாம் முடிஞ்சுடுத்துன்னுட்டார். போன் ஆஃப்ல கிடந்தது, இப்பதான் சார்ஜ் போட்டு உங்க நம்பரை எடுத்தேன்."

போனை வைத்த கையோடு அது மறுபடி அதிர்ந்தது. வரதராஜன் சாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அனுப்ப முடியாமல் போனுக்குள்ளேயே தங்கியிருந்தது, நெட் கிடைத்ததும் வந்திருக்கிறது. அவ்வளவுதான். நான் ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பணிமனையில் ஃபிட்டர். காரணமில்லாமல் ஒரு ஆணி கூடக் கழலாது என்று நம்புகிறவன். ஆனாலும் அந்தப் பதிவைத் தொட என் விரல் துணியவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொன்மலையில் எங்கள் கால்பந்துக் குழுவுக்கு நான் பதினான்கு வருடமாகக் கோச். நான் பொறுப்பேற்ற அதே வருடம், சீசன் தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் பிராக்டிஸில், நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு ஒருவர் எங்கள் கோலுக்குப் பின்னால் வந்து நின்றார். இன்சூரன்ஸ் அலுவலக வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில் மேலச் சித்திரை வீதி. சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி வேறு பஸ் மாறி, இடித்துப் பிடித்து வந்து, ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுப் போவார். யாரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று கேட்டேன். "பேக் நாலு பேரைப் பார்க்க வந்தேன்" என்றார்.

கோல் போடுகிறவனைப் பார்க்க ஊரே வரும். தடுக்கிறவனைப் பார்க்க வந்த ஒரே மனிதர் அவர்தான். ஃபார்வர்டு பையன்கள் எவ்வளவு ஜாலம் காட்டினாலும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவர் தன் வாழ்நாளில் ஒரு பந்தை உதைத்தவர் அல்ல. ஒருமுறை உருண்டு வந்த பந்தைக் காலால் நிறுத்தப் போய் செருப்பு பறந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. சிரிக்க முடியாத விஷயம். வலைக்குப் பின்னால் தரையில் தன் துணிப்பையை வைத்திருப்பார். ஆட்டம் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே சில சமயம் குனிந்து பையை எடுத்துக்கொண்டு நான்கு எட்டு விலகி நிற்பார். கொஞ்ச நேரத்தில் பந்து வலைக்குள் வந்து, அவர் நின்றிருந்த இடத்துக்கு நேராக வலையை முட்டும். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் தற்செயல். வருடக்கணக்கில் நடந்தது. எங்கள் கீப்பர் ஒருநாள் என்னிடம் வந்து, "கோச், சாரை வேற எங்கயாவது நிக்கச் சொல்லுங்க. அவர் பையைத் தூக்கினா என் கண்ணு பந்துல நிக்க மாட்டேங்குது" என்றான். அவரிடமே கேட்டேன், எப்படித் தெரிகிறது என்று.

"எனக்கு என்ன தெரியும்? ஒருத்தன் விலகிட்டான், அந்த இடத்துக்கு இன்னொருத்தன் வரலை. காலியா இருக்கற இடத்துக்கு ஏதாவது ஒண்ணு வந்துதானே தீரணும்?" என்றார். மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அடுத்த வருடம் எங்கள் நான்கு பேக்குகளையும் என்னையும் விடியற்காலையில் ஸ்ரீரங்கத்துக்கு வரச் சொன்னார். நம்பெருமாள் புறப்பாடு. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள்; எங்கே நிற்பது என்றுகூடத் தெரியாமல் வீதி ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தோம். "பெருமாளை அப்புறம் சேவிச்சுக்கலாம். தூக்கறவா தோளைப் பாருங்கோ" என்றார். பல்லக்கைச் சுமக்கிற ஸ்ரீபாதம்தாங்கிகள் ஒரே நடையாக வந்தார்கள். அவ்வளவு பாரம், ஒரு குலுக்கல் இல்லை. எங்களைத் தாண்டிப் போன பிறகு சார் கேட்டார்: "உங்களுக்கு எதிர்க்கவே ரெண்டு ஆள் மாறினா. பார்த்தேளா?"

நாங்கள் ஐந்து பேரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆள் மாறியதை ஒருவரும் பார்க்கவில்லை.

"ஒரு தோள் விலகறதுக்கு முன்னாடியே இன்னொரு தோள் அங்க இருக்கும். அதான் டிஃபென்ஸ்" என்றார். அந்த வருடம் நாங்கள் வாங்கிய கோல்கள் பாதியாகக் குறைந்தன. அதற்குப் பிறகு அவர் சொல்வதைக் கேலி செய்ய எவனுக்கும் வாய் வரவில்லை, என்னைத் தவிர.

ஓய்வு பெற்ற பிறகு எல்லா பிராக்டிஸுக்கும் வந்தார். சீசனுக்கு முந்தைய மாதம்தான் அவருக்குப் பிடித்த மாதம். லீக் தொடங்கிவிட்டால் யார் ஜெயித்தார் என்பதே பேச்சாகிவிடும். அதற்கு முன்னால்தான் யாருக்கு எந்த இடம் என்பது திறந்து கிடக்கும் என்பார். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பேரை வைத்து, பஸ்ஸில் போகும்போதே யோசித்து, குரல் பதிவாக அனுப்புவார். "போட்டின்னா ஒருத்தனை ஒருத்தன் விரட்டறது இல்லை சேவியர். ரெண்டு பேருக்கும் அந்த இடம் தெரிஞ்சிருக்கணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

இந்த வருடம் யோசிக்க நிறைய இருந்தது. போன சீசனில் கோலை வாங்கி வாங்கிக் கடைசிக்கு முந்தைய இடத்தில் தப்பினோம். இந்த முறை சறுக்கினால் கீழ் டிவிஷன். இறங்கிவிட்டால் பாதிப் பேர் வேறு குழுவுக்குப் போய்விடுவார்கள், பதினான்கு வருட உழைப்பு கலைந்துவிடும். கோல்கள் எல்லாம் நடுவிலிருந்துதான் விழுந்தன. எட்டு வருடமாக நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் அந்தோணி. என் அக்கா மகன். அக்கா போன பிறகு என் வீட்டில் வளர்ந்தவன். அந்த இடத்துக்குப் போட்டியாக மணப்பாறையிலிருந்து கதிரேசன் என்று ஒருவன் இந்த வருடம் வந்து சேர்ந்தான்.

அவர் போவதற்கு முந்தைய புதன்கிழமை, பிராக்டிஸ் முடிந்ததும் சார் என்னிடம் வந்தார். "அந்தோணி இடத்தை விட்டுட்டு விட்டுட்டுப் போறான். கதிரேசனை நிறுத்திப் பாருங்கோ" என்றார். பையன்கள் சுற்றி நின்றார்கள், அந்தோணியும் நின்றான். எனக்குச் சுரீர் என்று ஏறியது.

"ஒரு நாள் பந்தை உதைச்சிருக்கீங்களா சார்? பாக்க வந்தா பாத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. "சரி" என்றார். அதுதான் அவர் என்னிடம் நேரில் சொன்ன கடைசி வார்த்தை.

வியாழக்கிழமை அவர் கோலுக்குப் பின்னால் இல்லை. கோட்டுக்கு வெளியே நான் நின்று கத்துகிற இடத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில், எனக்குப் பின்னால் வந்து நின்றார். வெள்ளியும் அப்படியே, சனியும் அப்படியே. ஞாயிறு பிராக்டிஸ் கிடையாது. ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். நானும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் நிற்பது எப்போதும் பிடரியில் தெரிந்துகொண்டே இருந்தது. திங்கட்கிழமையும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சாவு வீட்டுக்கு நானும் அந்தோணியும் பஸ்ஸில் போனோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது அவன் சொன்னான்: "நேத்துக்கூட நல்லாத்தானே மாமா இருந்தாரு. உங்க பின்னாலயே நின்னாரு."

"எப்ப?"

"அந்த மூணாவது கோல் விழுந்துச்சே, ஆறு மணி இருக்கும். நான் கைகூடக் காட்டினேன்."

ஐந்து மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று வைதேகி சொன்னதை அவனிடம் நான் சொல்லவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு போனேன். சாரைப் படுக்கவைத்திருந்தார்கள். காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவன், கிட்டே போகவே பயந்து வாசலோடு நின்றேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை மைதானத்தில் இரங்கல் கூட்டம் வைத்தோம். அங்கேதான் நான் அந்தப் பெரிய காரியத்தைச் செய்தேன். "சாரோட கடைசி விருப்பத்தை நிறைவேத்தறேன். இனிமே கதிரேசன்தான் ஸ்டாப்பர்" என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். உயிரோடு இருந்தபோது அவமானப்படுத்தியதற்குப் பரிகாரமாம். அந்தோணி தலையை ஆட்டிவிட்டு, போட்டிருந்த சட்டையை அங்கேயே கழற்றிக் கதிரேசனிடம் கொடுத்தான். பரிகாரம் என்னுடையது, விலை அவனுடையது.

சனிக்கிழமை பிராக்டிஸ் ஆட்டம். கதிரேசன் நடுவில் நின்றான். இருபதாவது நிமிடம் அதே இடம் திறந்தது, அதே கோல் விழுந்தது. பாதி நேரத்துக்குள் இன்னொன்று. ஆளை மாற்றியும் ஓட்டை அப்படியே இருந்தது. தொழிலில் எனக்கு அது புதிதல்ல. நட்டை மாற்றியும் அதே இடத்தில் தளர்ந்தால் கோளாறு நட்டில் இல்லை. மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, ஐந்து நாட்களாகத் தொடாத அந்தப் பதிவைத் தொட்டேன்.

"சேவியர், நான் புதன்கிழமை சொன்னது தப்பு" என்று தொடங்கியது. "அந்தோணி மேல குத்தம் இல்லை. கோலுக்குப் பின்னாடிலேருந்து பார்த்தா அவன் போறது மட்டும்தான் தெரியறது. ஏன் போறான்னு தெரியலை. அதான் நாலு நாளா உங்க பின்னாடி நின்னு பார்த்தேன். நீங்க கூப்பிடறேள். நம்ம காலுக்குப் பந்து வந்த உடனே முன்னாடி ஏறு ஏறுன்னு கத்தறேள். இன்னிக்கு மூணாவது கோலும் அப்படித்தான். அவன் உங்க பேச்சைத் தட்டமாட்டான். வேற யாரை நிறுத்தினாலும் அவனையும் கூப்பிடுவேள். ஒரே ஒரு ஆட்டம் பேசாம இருந்து பாருங்கோ. நான் பந்தை உதைச்சதில்லை, வாஸ்தவம். ஆனா பதினாலு வருஷமா நீங்க கத்தறதைக் கேட்டிருக்கேன்."

நாலு நாள் என்கிறார். வியாழன், வெள்ளி, சனி. நான் எண்ணியவரை மூன்றுதான் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் பேசுவதற்குப் பின்னால் லேசாக மைதானத்துச் சத்தம் கேட்கிறது. "அந்தோணி, ஏறு" என்று என் குரலும் கேட்கிறது. அது கட்டிப்போன, கரகரத்த குரல். எனக்குத் தொண்டை கட்டியது ஞாயிற்றுக்கிழமை. போனில் பதிவானால் யார் குரலும் அப்படித்தான் இருக்கும் என்கிறான் கதிரேசன். நாங்கள் தினமும் ஒரே மாதிரிதானே கோல் வாங்குகிறோம், அவர் சொன்னது எந்த நாளாகவும் இருக்கலாம் என்கிறான். இருக்கலாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலமே அந்தோணியிடம் பதிவைப் போட்டுக்காட்டினேன். கேட்டு முடித்ததும் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். "உனக்குத் தெரியுமாடா?" என்றேன்.

"தெரியும் மாமா."

"அப்புறம் ஏன்டா வந்த?"

"நீங்க கூப்பிட்டீங்கள்ல" என்றான்.

எட்டு வருடம் ஊர் ஏச்சை வாங்கிக்கொண்டு, என் மீது ஒரு சொல் விழாமல் காத்திருக்கிறான். நான் அழுதுவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், சாரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நேற்று லீக்குக்கு முந்தைய கடைசி பிராக்டிஸ். அந்தோணியையும் கதிரேசனையும் நடுவில் சேர்த்தே நிறுத்தினேன். பந்து எங்கள் காலுக்கு வந்ததும் வாய் தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டேன். பழக்கதோஷத்தில் அந்தோணி என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

அப்போது போனை எடுத்தேன். சாருடைய பெயரைத் திறந்து, பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றேன். ஒரு நிமிடம் ஓடியது. பந்தை உதைக்கும் சத்தம் இருக்கிறது. காக்கைகள் இருக்கின்றன. "நான் இருக்கேன், நீ போ" என்று அந்தோணி கதிரேசனிடம் சொல்வது தெளிவாக இருக்கிறது. என் குரல் மட்டும் அதில் எங்கேயும் இல்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

கேளுங்கள் சார். கேட்டுவிட்டு நிம்மதியாகப் போங்கள்.