பார்சல் அக்கா மைக் பிடித்த மதியம்

பேருந்து நிலையத்தின் பார்சல் கவுன்ட்டரில் பதினெட்டு வருடமாக இருக்கும் அக்காவுக்கு வாய் காதுவரை நீளம். ஆனால் நாலு பேர் சேர்ந்து திரும்பிப் பார்த்தால் போதும், அந்த வாய் பூட்டிக்கொள்ளும். மகளின் பள்ளிக் கூட்டத்தில் பெயர் கேட்டபோது, பதற்றத்தில் கணவரின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்.

அன்று மதியம் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. மேலாளர் நேராகப் பார்சல் கவுன்ட்டருக்கு வந்து நின்றார்.

"அக்கா, இன்னிக்கு மைக்ல நீங்கதான்."

"எனக்கு மைக்னாலே ஆகாது சார்."

"எந்த பஸ் எப்பக் கிளம்பும்னு உங்களுக்குத்தான் தலைகீழ்ப் பாடம். வேற யாரைக் கூப்பிட?"

அறிவிப்பு அறை ஓர் அலமாரி அளவுதான். உட்கார்ந்ததுமே அக்காவுக்கு நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. நாத்தனாருக்குப் போன் போட்டார். நாத்தனார் அங்கேயே பஸ் ஓட்டுபவர். வண்டியை நிறுத்திவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணி பண்ணுது?"

"வயித்துக்குள்ள என்னமோ ஏறி ஏறி இறங்குதுடி. கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு."

"போன மாசம் ராட்டினத்துலயும் இதேதான பண்ணுச்சு? இறங்கினதும் இன்னொரு ரவுண்டு போலாம்னு என் கையப் பிடிச்சு இழுத்தீங்களே."

அக்கா யோசித்தார். வாஸ்தவம்தான். அதே ஜில்லிப்பு, அதே திக்திக். அன்றைக்குக் குஷி என்று கொண்டாடியதை இன்றைக்குப் பயம் என்று சொல்வானேன்?

"அப்ப இது பயமில்லடி, ராட்டினம்" என்று சொல்லி, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

சிரித்த குலுக்கலில் கை பட்டு மைக் ஆன் ஆகியிருந்தது. சிரிப்பு ஆறு ஒலிபெருக்கிகளிலும் கொட்டியது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெரியவர் எதற்கென்றே தெரியாமல் கூடவே சிரித்தார். கண்ணாடி வழியே பார்த்த அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நாலாம் தடத்துல நிக்கிற பஸ் அஞ்சு நிமிஷத்துல கிளம்புது. ஓடாதீங்க, இடம் நிறைய இருக்கு. நீலச் சட்டை சார், காலையில எங்கிட்ட எடை போட்ட பார்சல்ல எழுதின ஊருக்கு அது போகாது. பக்கத்து வண்டி."

நீலச் சட்டைக்காரர் பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கி, ஒலிபெருக்கியைப் பார்த்துக் கையசைத்தார்.

ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்பும் வயிறு மேலே ஏறத்தான் செய்தது. "வா, வா" என்று அதை வரவேற்றுவிட்டு அக்கா மைக்கை இழுத்துக்கொண்டார். நாலு மணிக்கு மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"போதும் அக்கா, அவருக்குக் குரல் வந்துடுச்சு."

"இன்னும் ரெண்டு பஸ்தான் சார். அவரு நல்லா ஓய்வெடுக்கட்டும்."

வெளியே அறிவிப்பாளர் வெந்நீர் டம்ளரோடு காத்துக்கொண்டிருந்தார். அக்கா கதவை மெல்லக் காலால் சாத்தினார்.