ஊஞ்சலில் ஒன்பது மூட்டை

இராஜாங்கத்துக்கு எழில்மொழி மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஐந்து வருஷமாக அதை வயிற்றிலேயே வைத்திருந்தார். நீடாமங்கலத்தைச் சுற்றி பாதி வீட்டுக் கிரில் கேட் அவர் பட்டறையில் வெல்டிங் ஆனதுதான். ஒருத்தரும் ஒரு நொட்டை சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவர் பத்து நாள் கண்ணெரிய உட்கார்ந்து செய்த ஊஞ்சலைப் பார்த்துவிட்டு, பட்டறை ஆட்கள் நாலு பேர் நிற்கும்போதே அவள் சொன்னாள்:

"அண்ணே, இது ஊஞ்சல் இல்ல, பாடை. படுக்க வெச்சுத் தூக்கிட்டுப் போகத்தான் ஆகும்."

நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு மறக்கவில்லை.

எழில்மொழி சித்தேரிக்குடிக்காரி. ரெண்டு வயசில் காய்ச்சல் வந்து காலிரண்டும் சூம்பிப் போயின. அப்பா அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று ஒரு வேலை ஒதுக்கியிருந்தார்கள். விளையாட்டு மணி அடித்தால் பிள்ளைகள் எல்லாம் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வீசிவிட்டு ஓடும். அவள் காவல். எட்டு வருஷம் பார்த்தாள். எந்தச் செருப்பு யாருடையது, எது பின்னூசி குத்தியது, எது அக்காளிடமிருந்து தங்கச்சிக்கு வந்தது, எல்லாம் மனப்பாடம். "பொறுப்பான புள்ள" என்று வாத்தியார் மெச்சுவார். ஊஞ்சலில் ஏற்றிவிட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

படித்து முடித்து, கை கால் வராத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியையாக ஊருக்கே திரும்பி வந்தாள். சக்கர நாற்காலி வந்தது. வாயும் கொஞ்சம் கூடவே வந்தது. சிங்கப்பூரிலிருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், செத்துப்போன அப்பா பேரில் குழந்தைகள் பூங்கா கட்டித் தருகிறேன் என்றபோது, ஊர்க்கூட்டத்தில் போய் நின்றாள். நின்றாள் என்றா சொல்வது, உட்கார்ந்தாள்.

"எல்லாப் புள்ளையும் ஏறுற மாதிரி செய்யுங்க. இல்லன்னா வாசல்ல எனக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. செருப்பப் பாத்துக்கறேன்."

வேலை இராஜாங்கத்துக்கு வந்தது. அதற்கு அவர் முதலில் செய்த ஊஞ்சலைப் பாடை என்று சொன்ன மறுநாளே அவள் மறுபடி பட்டறைக்கு வந்தாள்.

"துண்டால ரெண்டு காலையும் சேத்துக் கட்டுங்க. ஒரு கையப் பின்னால வெச்சுக்குங்க. இப்ப உங்க ஊஞ்சல்ல ஏறுங்க."

"என்ன தங்கச்சி, வெளையாடுறியா?"

"வெளையாடத்தானே செய்யறோம்? ஏறுங்க."

மானத்துக்கு அஞ்சிக் கட்டினார். இரும்புத்தூள் கிடந்த தரையில் மார்பால் ஊர்ந்தார். பலகை விளிம்பில் முகவாய் இடித்து ரத்தம் வந்தது. ஏற முடியவில்லை. நாலு பேரும் மறுபடி சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்காம?"

"நல்லது. இப்ப வரைவோம்."

தரையோடு தரையாக ஒரு ராட்டினம். நாற்காலியோடு அப்படியே ஏறிக்கொள்ள, முழங்கால் உயரத்துக்கும் கீழே தொங்குகிற மேடை ஊஞ்சல். ஏறியதும் பின்னால் தானாக நிமிர்ந்துகொள்ளும் தடுப்புத் தகடு. வாசலிலிருந்து ஊஞ்சல் வரை வழவழவென்று சிமெண்டுப் பாதை. எடைக்கணக்கை அவள்தான் சொன்னாள்: நாற்காலி, பிள்ளை, பக்கத்தில் ஒரு ஆள், நூற்றெண்பது கிலோவுக்கு மேல் கூடாது. இராஜாங்கம் தன் கையாலேயே அதைத் தகட்டில் எழுதி மாட்டினார்.

முதலில் ஏறியவள் சபிஹா. ஒன்பது வயசு, கழுத்து நிற்காது, பேச்சு கிடையாது. அம்மா கமருன்னிஸா பயந்து பயந்துதான் விட்டாள். மூன்றாவது ஆட்டத்தில் சபிஹாவின் தொண்டையிலிருந்து ஒரு கூவல் வந்தது. கமருன்னிஸா வாயைப் பொத்திக்கொண்டு, "இந்தக் கொரல இப்பத்தாங்க கேக்கறேன்" என்றாள். இராஜாங்கம் முகத்தைத் திருப்பி எதையோ முடுக்குவதுபோல் பாவனை செய்தார். முகவாய்த் தழும்பு கொஞ்சம் ஆறினாற்போல் இருந்தது.

நாலு வருஷம் ஊஞ்சல் ஆடியது. பிறகு ஒரு புரட்டாசியில் குறுவை அறுப்பும் மழையும் ஒன்றாக வந்தன. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், காயவைக்க இடமில்லை. ரோடு நிரம்பியது, கோயில் வாசல் நிரம்பியது. பூங்காவில் அருமையான சிமெண்டுப் பாதை சும்மா கிடந்தது. பக்கத்து வயல்காரர் இளையபெருமாள் முதலில் நெல்லைக் கொட்டினார். மறுநாள் காலை எழில்மொழி சபிஹாவின் நாற்காலியைத் தன் நாற்காலிக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தபோது, அவர் கையில் நெல் தள்ளும் பலகையோடு மறித்தார்.

"நெல்லு மேல சக்கரத்த ஏத்துவியா? லட்சுமிம்மா அது!"

"ரோட்டுல உங்க லட்சுமி மேல லாரி ஏறுதே."

"காலுக்குச் சேத்து வாய் வளந்திருக்கு பாரு!"

அவள் அவரைத் தாண்டிப் பார்த்தாள். பாதையின் மறுபாதியில் இன்னொருவர் நெல் கிடந்தது. அதை இராஜாங்கம் காலால் கிண்டிக்கொண்டிருந்தார். மூன்று மா குத்தகை நிலம் அவருக்கும் உண்டு.

"நீங்களுமாண்ணே?"

"ரெண்டு நாள் பொறுத்துக்க தங்கச்சி. புள்ளைங்க எங்க ஓடிப்போகப் போவுது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவள் நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானமே வானம் பொத்துக்கொண்டது. இராஜாங்கம் நெல்லை அவசரமாக அள்ளி மூட்டை கட்டினார். தரையெல்லாம் தண்ணீர். தண்ணீர் தொடாத இடம் ஊஞ்சல் மேடை ஒன்றுதான். நாற்பது கிலோ மூட்டை ஒன்பதை அதில் அடுக்கித் தார்ப்பாயை மூடினார். தகட்டில் தான் எழுதிய எண் எதிரிலேயே தொங்கியது. இரும்பு தாங்கும் என்று சொல்லிக்கொண்டார். ரெண்டு நாள் பதினோரு நாளாயிற்று.

மூட்டையை இறக்கியபோது மேல்கொக்கியின் வெல்டிங்கில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. இருபது வருஷக் கண், தவறுமா? தாளடி நடவுக்கு ஆள் சொல்லியிருந்தார். மறுநாள் விட்டால் ஆள் கிடைக்காது. நடவு முடியட்டும், பிரித்து மறுபடி வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் அசிங்கமாகத் தெரிய வேண்டாமென்று கறுப்பு பெயிண்டை ஒரு இழுப்பு இழுத்தார். பூங்காவைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. பூட்டினால் ஏன் என்று கேட்பாளே.

ஐந்தாம் நாள் அவர் சேற்றில் நாற்றுமுடி வீசிக்கொண்டிருந்தபோது பூங்காப் பக்கம் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். மேடை ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. சபிஹா நாற்காலிக்கு அடியில் கிடந்தாள். நடக்காத பிள்ளையின் தொடை எலும்பு ஈர்க்குச்சி போல முறிந்திருந்தது. நாற்பது நாள் மாவுக்கட்டு. முதுகில் படுக்கைப்புண் வைத்தது. கட்டைப் பிரித்தபோது உட்கார வைக்க முடியவில்லை. அந்தக் கூவலும் அதோடு போயிற்று. கமருன்னிஸா எழில்மொழியைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திச் சொன்னாள்:

"உன் ஆசைக்கு எம்புள்ளயப் பலி குடுத்துட்டியே."

ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. டீக்கடையில் இளையபெருமாள், "நொண்டி போட்ட கணக்கு நொண்டாம என்ன பண்ணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இராஜாங்கமும் சிரித்தார். பாடை என்றாளே, படட்டும் என்று ஒரு நிமிஷம் நினைக்கவும் செய்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஊர்க்கூட்டம் பூங்காவைப் பூட்டி, மிச்சத்தை வெட்டி எடுத்துப்போக அவருக்கே ஆள் அனுப்பியது.

அவர் கேஸ் கட்டரோடு போனபோது எழில்மொழி அங்கே இருந்தாள். மடியில் அறுந்த கொக்கி.

"புது முறிவுன்னா உள்ள வெள்ளையா மின்னணும், இல்லீங்களாண்ணே?"

"ம்."

"இதுல வெடிப்புக்குள்ளயும் கறுப்பு பெயிண்டு போயிருக்கு. பாத்துட்டுத்தானே அடிச்சீங்க?"

அவர் கட்டரைக் கீழே வைத்தார். ஊரைக் கூட்டுவாள், போலீசுக்குப் போவாள் என்று என்னென்னவோ ஓடியது. அவள் ஒன்றும் செய்யவில்லை. "என்கூட வாங்க" என்று நாற்காலியைத் திருப்பினாள். அவள் சக்கரத்துக்குப் பின்னால் அவர் தெருத்தெருவாக நடந்தார்.

கமருன்னிஸா வீட்டு வாசலில் எழில்மொழி நாற்காலியை நிறுத்தினாள். உள்ளே மின்விசிறிச் சத்தம். அதற்கடியில் சபிஹாவின் முனகல். இராஜாங்கம் படியில் செருப்பைக் கழற்றினார். அங்கேயே நின்றார். திரும்பிப் பார்த்தார்.

எழில்மொழி குனிந்து, அவர் செருப்பு இரண்டையும் எடுத்துத் தன் நாற்காலியின் மிதிபலகையில் சேர்த்து வைத்தாள்.

"ஒம்பது மூட்டைன்னு சொல்லுங்க. பெயிண்டையும் சொல்லுங்க. போங்கண்ணே. செருப்ப நான் பாத்துக்கறேன்."