கடதாசியைச் சுட்டவன் காசு வண்டியில் ஏறிய கதை

இடுப்பில் துவக்கு தொங்கும் வேலைக்குப் போகிறவன் முதலில் பழக வேண்டியது முதுகுவலிக்குத்தான். கடை வாசலிலும் வங்கி வாசலிலும் காவல் நின்று கால் கடுத்துப்போன சகோதரங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நானும் உங்களில் ஒருவன்தான். ஊரைவிட்டு வந்து மெரிலேண்ட்ஸில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் வெறுங்கையோடு காவல் நின்று, சாமான் தள்ளுவண்டிகளும் அடுக்கியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுடும் கிளப்புக்குப் போய்க் கடதாசி வட்டங்களில் ஓட்டை போடுவேன். அதில் நான் கெட்டிக்காரன். பதக்கங்கள் அலுமாரியில் இருக்கின்றன. வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகும் வண்டிக்கு ஆயுதக் காவலர் தேவை என்று எங்கள் காவல் கம்பனி அறிவித்தபோது, எனக்கென்றே செய்த வேலை என்று நினைத்தேன். பயிற்சியில் தேறினால் வண்டி. தவறினால் திரும்பவும் அதே வாசல், அதே தள்ளுவண்டிகள்.

குசினியில் ஒரு விசாரணை

என் மனைவி வசந்தி வெங்காயம் வெட்டும் நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அப்போது கண்ணீர் வந்தாலும் பழி வெங்காயத்துக்குத்தான் போகும் என்பது என் கணக்கு. அவள் அழவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு நாளும் கடதாசியைச் சுட்டியள், நான் ஒண்டும் கதைக்கேல்லை. துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே இஞ்ச வந்தனாங்கள்? போறதெண்டால் போங்கோ. ஆனால் ஒருத்தரையும் சுட்டுப்போட்டு இந்த வீட்டுக்க வராதேங்கோ."

அழகாக நிற்பவன்

பயிற்சி ஆசிரியை டெபி, முன்பு பொலிஸில் இருந்தவர். என்னைவிட வயதில் இளையவர், குரல் மட்டும் என்னைவிடப் பெரிது. முதல் நாள் எல்லோரையும் சுடச் சொன்னார். நான் கிளப்பில் நிற்பதுபோலவே பக்கவாட்டாகத் திரும்பி, இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு, மூச்சை இழுத்துப் பாதி விட்டு, ஆற அமரச் சுட்டேன். எல்லாக் குண்டும் நடுவில்தான். மற்றவர்களின் பலகைகளைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பினேன்.

டெபி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நண்பா, நீ மிக அழகாக நிற்கிறாய். சவப்பெட்டியிலும் இப்படித்தான் அழகாகப் படுத்திருப்பாய்."

பொறுக்கும் கை

கிளப்பில் சுட்ட பிறகு வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொள்வது வழக்கம். மருந்து நிரப்பித் திரும்பவும் பாவிக்கலாம். சோற்றில் ஒரு பருக்கையைக்கூட வீணாக்காத குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்சியிலோ, மறைவில் குந்தியிருந்து அவசர அவசரமாகத் துவக்கை நிரப்ப வேண்டும். நான் வெற்றுத் தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டு, ஓடிப்போன ஒன்றைத் தேடி மறைவுக்கு வெளியே தலையையும் நீட்டினேன்.

பின்னால் டெபியின் விசில் கேட்டது. எனக்குக் கிடைத்த முதலும் கடைசியுமான எச்சரிக்கை அது.

"கொள்ளைக்காரன் போனபிறகு கூட்டிப் பெருக்கலாம். இன்னொரு முறை இந்தக் கிளப் பழக்கத்தைக் கண்டால், நீ திரும்பிப் போய்த் தள்ளுவண்டி அடுக்கலாம்."

வடை கொண்டுவந்தவர்

அதன்பிறகு வீட்டிலும் பயிற்சிதான். துவக்கு இல்லாமல், வெறுங்கையோடு. யாராவது நெருங்கினால் பக்கவாட்டில் ஒதுங்கு, மறைவைத் தேடு, உரக்கக் கத்து. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் உடம்பு தானாகவே ஒதுங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மாலை கதவு திறந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் பாய்ந்து, "ஸ்டாப்! கையைக் காட்டு!" என்று கத்தினேன்.

அடுத்த வீட்டு அன்ரி தட்டோடு அப்படியே நின்றார். "தம்பி, வடைதான் ராசா. கையில வேற ஒண்டும் இல்லை."

கோட்டுக்குள் போன கை

கடைசிச் சோதனைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ரப்பர் துவக்கு ஒன்றைத் தந்தார்கள். சுடுவதென்றால் வாயால் "பாங்" என்று சொல்ல வேண்டும். நான் வங்கிக் காசுப் பையோடு வண்டிக்கு அருகில் நிற்க, கோட்டுப் போட்ட ஒருவர் வேகமாக வந்தார். ஒதுங்கினேன், மறைந்தேன், கத்தினேன். அவர் நிற்கவில்லை. அவர் கை கோட்டின் உள்பைக்குள் போனது. என் துவக்கு அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. வெளியே வந்தது ஒரு பேர்ஸ்.

"உனக்கு முன் வந்தவர்கள் எல்லோரும் அவரைச் சுட்டுவிட்டார்கள். நீ ஏன் சுடவில்லை?" என்று டெபி கேட்டார். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அதனால் உள்ளதைச் சொன்னேன். ஊரில் ஒருநாள் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். எதிரில் நின்ற இராணுவப் பொடியன் துவக்கை என் நெஞ்சுக்கு நீட்டினான். அவன் விரல் விசையில் இருந்தது. என் விரலில் அட்டை சிக்கிக்கொண்டு வர மறுத்தது. அது வெளியே வரும்வரை அவன் பொறுத்திருந்தான். அந்தப் பயம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. கோட்டுக்குள் கை போனபோது எனக்குத் தெரிந்தது என் கைதான்.

டெபி கையிலிருந்த தாளில் எதையோ குறித்தார். பிறகு என் தோளில் தட்டி, "நீ பாஸ். அந்தப் பையனுக்குப் பயிற்சி கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் அவருக்கு நான் ஒரு பியர் வாங்கிக் கொடுப்பேன்" என்றார்.

அன்றிலிருந்து வாரநாட்களில் ஒருவரையும் சுடாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சம்பளத்தைக் கொடுத்துக் கடதாசியைச் சுடுகிறேன்.