முத்து மீனுக்கு வந்த அம்மை

அந்த மீன்களைக் கொன்றவர் நீங்கள்தான், முதலாளி. நான் இல்லை.

போன ஆடி வெள்ளியன்று அம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றியபோது, பலகைமேல் ஏறி நின்று நீங்கள் பேசியதை நானும் கூட்டத்தில் நின்று கேட்டேன். உங்கள் மருந்துக் கடைத் தொட்டியில் இருந்த மீன்களுக்கு அம்மை கண்டதாம். ஆத்தா மனமிரங்கி இரண்டைக் காப்பாற்றினாளாம். மற்ற ஒன்பதையும் ஒரு கம்பவுண்டர் உப்பைக் கொட்டிக் கொன்றானாம். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவன் என் விலாவில் இடித்து, "இன்னா கருவாட்டு கம்பவுண்டரு, ஒன்னியத்தான் சொல்லிகினு கீறாரு" என்றான்.

அந்தப் பெயர் என்மேல் ஒட்டி நான்கு வருஷமாகிறது. மருந்து கலக்குகிறவனுக்கு அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால் அவன் கையால் யாரும் மருந்து வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ராயபுரத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் முதலில் சிரித்தார்கள், பிறகு இடமில்லை என்றார்கள். இப்போது திருவொற்றியூரில் ஒரு சோடாக் கடையில் புட்டி கழுவுகிறேன். அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

மீன்கள் வந்தது பினாங்குக் கப்பலில். அந்தக் கப்பலின் சமையல்காரர் நாகூர்க்காரர். காலில் கொதிநீர் கொட்டிப் புண்ணாகி, கப்பல் துறைமுகத்தில் நின்ற நாளெல்லாம் நம் கடைக்கு வந்தார். கட்டுப் போட்டது நான். புறப்படும் நாளில் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் பதினொரு மீனைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். உடம்பெல்லாம் முத்துப் பதித்தாற்போல் வெள்ளைப் புள்ளி. நீங்கள் கண்ணாடித் தொட்டி செய்து கடை முகப்பில் வைத்தீர்கள். தீனியும் தண்ணீரும் என் வேலை.

அதற்கு முந்தின வருஷம் என் மனைவி அம்மையில் போனாள். துறைமுகத்துக்கே மருந்து கலக்கிக் கொடுத்தவன், அவளுக்கு ஒரு சொட்டு மருந்து கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்பது வழக்கம். வாசலில் வேப்பிலை செருகினேன், சமையலில் உப்பை நிறுத்தினேன், சும்மா உட்கார்ந்திருந்தேன். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா, தெரியாது. அதன் பிறகு கடைக்குப் பின்னால் உள்ள அறையில் நான் ஒருவன்தான். மீனோடு பேசினேன் என்று சொல்ல மாட்டேன், அதெல்லாம் பைத்தியக்காரன் வேலை. ஆனால் நான் தொட்டியருகே போனால் பதினொன்றும் கண்ணாடிக்கு வந்து நிற்கும். அந்த வருஷம் என்னைப் பார்த்ததும் கிட்டே வந்த உயிர்கள் அவை மட்டும்தான்.

கார்த்திகை மழையில் வாடைக் காற்று அடித்துத் தொட்டித் தண்ணீர் சில்லிட்டது. மீன்கள் துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் தொங்கின. இடையிடையே ஒன்று சட்டென்று பாய்ந்து, சொறி வந்த நாய் சுவரில் தேய்ப்பதுபோல், விலாவைக் கூழாங்கல்லில் தேய்த்தது. பிறவியிலேயே புள்ளி உள்ள மீன் என்பதால் முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் வெயிலில் பக்கவாட்டில் பார்த்தேன். பிறவிப் புள்ளி தோலோடு படிந்திருக்கும். இது மேலே எழும்பி நின்றது. கண்ணாடி போன்ற வாலில்கூட ரவை தூவியதுபோல் ஒட்டியிருந்தது.

சமையல்காரர் போகும்போதே சொல்லியிருந்தார்: "குளிர் பட்டா ஒடம்புல ரவ ரவயா பூக்கும் அண்ணே. தண்ணிய வெதுவெதுப்பா வச்சு, ஒரு கொடத்துக்கு ஒரு பிடி கல்லு உப்புப் போடுங்க. யோசிச்சிக்கிட்டு நிக்காதீங்க."

உப்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"என்னவே பண்ணுதீரு? முத்துப் போட்டிருக்கு, கண்ணு தெரியலையா? அம்மை கண்ட எடத்துல உப்பா? ஒம்ம பொஞ்சாதி போனதும் இப்பிடித்தானோ?"

அது அம்மை இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வார்த்தையைக் கேட்டு உப்பைப் பானையிலேயே திருப்பிப் போட்டேன். இந்தக் கதையில் என் குற்றம் அது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் தொட்டிக்குள் வேப்பிலைக் கொத்தைப் போட்டீர்கள். வெயில் படாமல் ஈரத் துணியால் மூடினீர்கள். சில நாளில் புள்ளிகள் உதிர்ந்தன. "ஆத்தா எறங்கிட்டா!" என்று கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தீர்கள். இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே. மஞ்சள் கரைத்த கிணற்றுத் தண்ணீரை ஒரு குடம், சில்லென்று, தொட்டியில் ஊற்றினீர்கள்.

ஒன்றும் இறங்கிப் போகவில்லை முதலாளி. மறுபடி பினாங்குக் கப்பல் வந்தபோது சமையல்காரர் விளக்கினார். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பூச்சி. தின்று கொழுத்து மீனை விட்டுக் கீழே விழும், கல்லிடுக்கில் நூறாகப் பெருகும், திரும்பி வந்து ஏறும். மனிதனுக்கு இறங்கினால் பிழைப்பு. மீனுக்கு அது இடைவேளை.

அந்த வாரத்திலேயே மீன்கள் மாவில் புரட்டியதுபோல் ஆயின. நாளுக்கு ஒன்று, இரண்டு என்று மிதந்தன. ஏழு செத்தன. ஏழையும் நீங்களே வாழையிலையில் வைத்து, மஞ்சள் தடவி, கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் புதைத்தீர்கள். குழி தோண்டியது நான்.

ஏழாவது மீனைப் புதைத்த அன்று காலை காசிமேட்டிலிருந்து மீன் விற்கும் அம்மாள் கை வெட்டுக்கு மருந்து போட வந்தாள்.

"இன்னா கம்பவுண்டரே, மூஞ்சி தொங்கிகினு கீது?"

"மீனுக்கு அம்மை. உப்பு ஆகாதாம்."

கூடை ஆடும்படி சிரித்தாள். "மீனுக்கு அம்மையா? பொறந்ததுலேர்ந்து மீன் கூடையில கை வச்சிகினு கீறேன், இப்பத்தான் கேக்குறேன். உப்பு ஆவாதுன்னா கடல்ல கீற மீனு அல்லாம் இன்னாய்யா பண்ணும்? ஆத்தா அதுங்களுக்குத் தனியா பத்தியச் சோறு பொங்கிப் போட்றாளா? போய்யா, பேஜாரு புட்ச்ச கடை!"

கடல் மீன் வேறு, இது நல்ல தண்ணீர் மீன். அவள் சொன்ன நியாயம் சரியில்லை. ஆனால் அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கம் வந்தது. நீங்கள் சாப்பிடப் போன நேரம், மிச்சமிருந்த நான்கையும் மண்சட்டியில் எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன். நீங்கள் கேட்டபோது, வெயில் படாத இடம் என்று சொன்னேன். உப்புப் போட்டேன். கஷாயம் காய்ச்சும் கரியடுப்பின் பக்கத்தில் சட்டியை வைத்து, கை பொறுக்கும் சூட்டிலும் குறைவாக வைத்திருந்தேன். உதிர்ந்த புள்ளி அடியில் தங்கித் திரும்ப ஒட்டுமோ என்று தினம் வேறு சட்டிக்கு மாற்றினேன். இந்த மீன் மேலே வந்து காற்றை விழுங்கும் ஜாதி. நோயில் அதுகூட முடியாமல் பாதியில் மூழ்கியது. முதல் இரண்டு நாளில் இரண்டு செத்தன. அவை என் கையில் செத்தவை, மறைக்கவில்லை. மற்ற இரண்டும் எட்டாம் நாள் துடுப்பை விரித்தன. நான் குனிந்ததும் இரண்டும் சட்டியின் இந்தப் பக்கம் வந்தன. அன்று நான் சாப்பிட்டேன்.

அந்த இரண்டையும் தொட்டியில் கொண்டுவந்து விட்டபோது நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். "பாத்தீரா ஆத்தா மகிமைய!" என்றீர்கள். என் உப்பினால் பிழைத்தன என்றேன். அன்றைக்கே என் பெட்டியைத் தெருவில் வைத்தீர்கள். மறுநாள் முதல் ஒன்பதையும் கொன்றவன் நான் ஆனேன். பிழைத்த இரண்டும் உங்கள் தொட்டியில் இருந்தன. என்னைக் கடைப்படி ஏறவிடவில்லை. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் கண்ணாடி மட்டும் பளபளக்கும், மீன் தெரியாது. சில மாதம் அப்படி நின்றேன். பிறகு போவதை விட்டுவிட்டேன்.

அம்மன்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் பெயரைச் சொல்லி என் பிழைப்பில் மண்ணைப் போட்டவர்மேல்தான் கோபம். தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை அதே கோயில் வாசலில், அதே பலகைமேல் ஏறி, சிரித்த அதே ஜனங்களுக்கு முன்னால் சொல்லுங்கள்: வேப்பமரத்தடியில் உங்கள் கையால் நீங்கள் புதைத்த ஏழு மீனில், எந்த மீன்மேல் என் உப்புப் பட்டது? நான் கூட்டத்தின் முன்வரிசையில் நிற்பேன். பதில் சொல்லுங்கள்.