அக்காவின் சுபாவம் என்று நினைத்திருந்தோம்

இரண்டு வருடங்களுக்கு முன், மாம்பழ சீசன் முடிந்த ஆடி மாதம். சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். ஒரே வாரத்தில் எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் போயிற்று. குளிக்கக்கூட எழ முடியவில்லை. நன்றாக இருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று வீடே பதறியது. திருப்பதியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டியபோது, கடுமையான மனச்சோர்வு என்றார்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்னைப் பஸ்ஸில் அழைத்துப் போனவள் என் அக்கா. பள்ளி ஆசிரியை, தனியாக இருப்பவள். எதிலும் குறை காண்பாள். யாராவது சிரித்தால், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாளே என்று என் மகளின் காதுகுத்துக்கு நாங்கள் அவளைக் கூப்பிடவே இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்தான் என்னோடு வந்துகொண்டிருந்தாள்.

மூன்று மாதத்தில் தேறிவிட்டேன். அப்படிப் போன ஒரு நாள் மருத்துவர் அக்காவைப் பார்த்து, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று தெலுங்கில் கேட்டார். நான் முந்திக்கொண்டு, அவள் சுபாவமே அப்படித்தான் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசியாக எப்போது சந்தோஷமாக இருந்தீர்கள் என்று அவளையே கேட்டார்.

இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கும்போது இருந்திருப்பேன், சரியாக ஞாபகமில்லை என்றாள் அக்கா. அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

அவளிடம் தனியாகப் பேசிவிட்டு, அவள் சம்மதத்தோடு என்னை உள்ளே கூப்பிட்டார். எனக்கு வந்தது காய்ச்சல் மாதிரி, எல்லோர் கண்ணிலும் பட்டது; அவளுக்கு மனச்சோர்வு சின்ன வயதிலேயே வந்து தங்கிவிட்டது என்றார். இத்தனை வருடம் தங்கினால் நோய் எது, குணம் எது என்று உடனே பிரித்துச் சொல்ல முடியாதாம். வைத்தியம் பார்க்கப் பார்க்கத்தான் தெரியுமாம்.

திரும்பும் பஸ்ஸில், "ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"என்னான்னு சொல்றது? எல்லாருமே இப்படித்தான் பல்லக் கடிச்சிக்கினு இருக்காங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

மாத்திரையும் ஆலோசனையும் இப்போதும் தொடர்கின்றன. காலையில் கண் விழிக்கும்போது இருந்த பாரம் குறைந்திருக்கிறது என்கிறாள். சந்தேகமும் வெடுக்கென்ற பேச்சும் முழுதாகப் போகவில்லை. அது வேறு சிக்கல், நாளாகும் என்கிறார் மருத்துவர். போன மாதம்கூட என் மனைவியோடு ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டாள்.

யாரையாவது 'அவர் சுபாவமே அப்படி' என்று சொல்ல வாயெடுக்கும்போது, நான் பட்ட அந்த மூன்று மாதத்தை இருபத்தைந்து வருடமாக நீட்டிப் பார்க்கிறேன்.